இரண்டு மாதம் என்று எழுதியிருந்த கிடாக்குட்டிகள்

"உங்க அத்தை எப்பவாவது பொய் சொல்லியிருக்காங்களா?"

எங்கள் வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். காலை பத்தரை மணி இருக்கும். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அத்தையும் போயிருந்தாள். நான் பள்ளிப் படிப்பை முடித்து நாலு மாதமாக வீட்டில்தான் இருந்தேன். மேலே படிப்பதா வேலை தேடுவதா என்று தெரியாமல், அலமாரியை அடுக்குவதும் அடுக்கியதைக் கலைப்பதுமாகப் பொழுது போய்க்கொண்டிருந்தது. "தெரியல" என்றேன்.

வந்தவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை என்ன செய்தது என்று சொல்வதற்கு முன்னால் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் எங்களோடு இருக்கிறாள் என்று சொல்வதைவிட நாங்கள் அவளோடு இருக்கிறோம் என்பதுதான் சரி. அம்மாவுக்கு வெளியூரில் மருத்துவமனை வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக், எந்தக் கட்டிடத்தில் எத்தனையாவது மாடியில் தொங்கிக்கொண்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே என்னைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் திட்டு வாங்கியது எல்லாம் அத்தைதான்.

அவள் யாரையும் நம்ப மாட்டாள். காஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பாள். கடைக்காரர் நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்ப்பாள். நான் பல் தேய்த்தேன் என்று சொன்னால் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள்.

"பிரஷ்ஷை மட்டும் நனைச்சுட்டு வந்திருப்பே. பல்லைக் காட்டு."

நான் அப்படித்தான் செய்திருப்பேன். அதுதான் கோபமாக வரும்.

இந்தச் சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம் என்று அப்பா சொல்வார். இல்லை, வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று நான் பிறகு புரிந்துகொண்டேன். இருபத்திரண்டு வயதில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் சேர்ந்தாள். அப்புறம் ஒரு பால் குளிரூட்டும் நிலையம். அதன் பிறகு பதினேழு வருடமாக ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளர். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் வந்தால் சாப்பாடு குறைந்துவிடும், பேச்சும் குறைந்துவிடும்.

என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் அப்பா, "ஆட்டு ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். காரணம் உண்டு. அது செம்மறிக் கிடாக்குட்டியின் விரையைப் பற்றிய ஆராய்ச்சி. எங்கள் உயிரியல் புத்தகத்தில் விந்தகம் என்று போட்டிருந்தது, வகுப்பில் அந்தப் பக்கத்தை டீச்சர் "வீட்ல படிச்சுக்குங்க" என்று தாண்டிவிட்டார். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாது. அத்தை சாப்பிடும்போதே, "இன்னைக்கு நாலு குட்டி. எட்டு விதை. ஒவ்வொண்ணும் ஒரு பாக்கு சைஸ்" என்று ஆரம்பிப்பாள். அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கொஞ்சம் கருணை காட்டு தாயே" என்பார்.

அவள் வேலை இதுதான். ஆட்டுப் பண்ணை ஒன்றில் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளாத கிடாக்குட்டிகளுக்கு மருத்துவர் மயக்க ஊசி போட்டு விரையை எடுத்துவிடுவார். குட்டி பிழைத்து மேயப் போய்விடும். எடுத்த விரையைத் தூக்கி எறியாமல் அத்தை பக்கத்திலேயே நின்று வாங்கி, சின்னத் துண்டாக்கி, குழாயில் போட்டு, திரவ நைட்ரஜன் கேனில் முக்குவாள். புகை மாதிரி வெள்ளையாக எழும்பும். எப்போதும் பனிப்பெட்டியோடு நடப்பதால் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு ஐஸ் அக்கா என்று பெயர்.

அந்தத் துண்டிலிருந்து அவர்கள் ஆர்.என்.ஏ. எடுப்பார்கள். நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். செல்லுக்குள்ளே எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்ற செய்தியை எடுத்துப்போவது ஆர்.என்.ஏ. ஆனால் நீளமாக இருந்தும் எந்தப் புரதத்தையும் செய்யச் சொல்லாத ஆர்.என்.ஏ.க்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முதலில் அவற்றைக் குப்பை என்றே நினைத்தார்களாம். இப்போது, சில ஜீன்களை எழுப்புவதும் அடக்குவதும் இவைதானோ என்று பார்க்கிறார்கள். உடம்பில் மற்ற இடங்களைவிட விரையில் இவை மிக அதிகம். அதிலும் குட்டி வளர வளர மாறிக்கொண்டே இருக்கும். விந்து உருவாகத் தொடங்கும் சில வாரங்களில் அதுவரை இல்லாதவை திமுதிமுவென்று தலைகாட்டும். எந்த வயதில் எது வருகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று நாலு வயது. வயதுக்கு நாலு குட்டி.

"ஆர்.என்.ஏ. சீக்கிரம் கெட்டுடும்" என்பாள் அத்தை. "நம்ம விரல்ல, வேர்வைல, எச்சில்ல எல்லாத்துலயும் அதைத் தின்னுற சாமான் இருக்கு. கையுறை போட்டுக்கிட்டு மூக்கைச் சொறிஞ்சா போச்சு. மேசையை நம்பக் கூடாது, தண்ணியை நம்பக் கூடாது, முதல்ல நம்ம கையையே நம்பக் கூடாது."

பதினேழு வருடம் ஒருத்தி இப்படி வேலை பார்த்தால் பல் தேய்த்த பிரஷ்ஷை எப்படி நம்புவாள்?

இனி வாசலுக்கு வருகிறேன். வந்து கேள்வி கேட்டவர் அத்தையின் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர். கணினியில் உட்கார்ந்து, ஒவ்வொரு குட்டியின் ஆர்.என்.ஏ. கணக்கையும் ஒரு புள்ளியாக்கிப் படம் போடுவார். ஒரே வயதுக் குட்டிகளின் புள்ளிகள் ஒன்றாகக் கூட்டம் சேர வேண்டும். எப்போது பார்த்தாலும் புள்ளி புள்ளி என்றே பேசுவதால் அவரை அத்தை புள்ளித் தம்பி என்பாள்.

அவர் படத்தில் இரண்டு புள்ளிகள் தவறான இடத்தில் நின்றன. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்ற எண் போட்ட குட்டிகள். இரண்டு மாதக் கூட்டத்தில் நிற்க வேண்டியவை மூன்று மாதக் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தன. புரதம் செய்யும் ஆர்.என்.ஏ.க்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது லேசாகத்தான் விலகியிருந்தனவாம். இந்த நீளமானவற்றை வைத்துப் பார்த்ததும் விலகல் பளிச்சென்று தெரிந்துவிட்டது. குழாய் மாறியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். குழாயைத் தொட்டது ஒரே ஆள்.

நான் ஏன் 'தெரியல' என்றேன் என்றால், எனக்கு ஒன்று தெரியும். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அத்தை விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய், நீர் கோத்துக்கொண்டு வந்தாள். திரவ நைட்ரஜன் பட்டால் நெருப்புப் பட்ட மாதிரி கொப்புளிக்கும். மருந்து போட்டுவிட்டேன். அப்போது சொன்னாள்.

"ரெண்டு குழாய் கீழே விழுந்துடுச்சு. லேபிள் கழண்டுடுச்சு. திரும்ப ஒட்டிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதே."

அந்தக் குளிரில் ஒட்டு விட்டுப்போவது உண்டுதான். ஆனால் 'யாரிடமும் சொல்லாதே' என்று அத்தை என்னிடம் சொன்னது அதுவே முதல் தடவை. வாசலில் நின்றவர் பொய் என்றதும் எனக்கு அந்த வெளுத்த விரல்தான் கண்ணில் வந்தது. 'இல்லை' என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். 'ஆமாம்' என்றால் அவள் தலையில் கல்லைப் போடுகிறேன். 'தெரியல' என்பது பாதுகாப்பான வார்த்தை என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை வந்து பையைக்கூட வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சாவியை வாங்கிட்டாங்க."

"எந்தச் சாவி?" என்றார் அப்பா.

"ஃப்ரீசர் சாவி."

"உன்கிட்டேருந்தா? பீரோ சாவியை என்கிட்டயே தராதவ ஆச்சே நீ! எப்படிப் பிடுங்கினாங்க, மயக்க ஊசி போட்டா?"

"சிரிக்காதே அண்ணா. நான் குழாயை மாத்தி வச்சுட்டேன்னு மேடம் நினைக்கிறாங்க. மாசக் கடைசியில என் ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள இது தெளியலைன்னா புதுப்பிக்க மாட்டாங்களாம்."

மேடம் என்பது அந்த ஆய்வகத்தின் தலைவர். அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ மாத்தினியா?"

"மாத்தலை."

"அப்ப அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நம்ம வீட்டு ஆள்கிட்ட விசாரிச்சாங்களாம். அவங்களே 'தெரியல'ன்னு சொன்னாங்களாம்." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடம் அதை என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. வீட்ல இருக்கறவங்களுக்கே நம்பிக்கை இல்லன்னா நான் எப்படிம்மா நம்பறதுன்னு."

"என்கிட்ட யாரும் கேக்கலை" என்றார் அப்பா.

நான் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். அத்தைக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதன் பிறகு நாலைந்து நாள் வீடு வீடாக இல்லை. அத்தை வேலைக்குப் போனாள், வந்தாள். ஃப்ரீசர் அறைக்குள் அவளை விடவில்லை. கண்ணாடிக் குப்பிகளைக் கழுவும் வேலை கொடுத்திருந்தார்கள். மதியம் சாப்பாட்டு அறையில் அவள் மேசைக்கு யாரும் வரவில்லையாம். மூன்றாவது மாடியில் வேலை பார்க்கும் ஒரு பெண், "ஐஸ் அக்கா கேனையே கவுத்துட்டாங்களாமே?" என்று அவளிடமே கேட்டிருக்கிறாள், யாரென்று தெரியாமல். இரண்டு குழாய் விழுந்த கதை மூன்று மாடி ஏறுவதற்குள் கேன் கவிழ்ந்த கதையாகிவிட்டது. குழாய் விழுந்ததை அவள் மேடத்திடம் அந்த வாரம்தான் சொன்னாள். ஏழெட்டு மாதம் கழித்து. அது அவளுக்கு இன்னும் பாதகமாகிவிட்டது.

வீட்டில் அவள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனால் மூடித் தலையணை உறைக்குள் செருகிவிடுவாள். மொட்டை மாடிக்குப் போய் யாருடனோ ஃபோனில் தாழ்ந்த குரலில் பேசினாள். எனக்குச் சந்தேகம் முற்றிக்கொண்டே போனது. குழாயை மாற்றியிருக்கிறாள், இப்போது அதை மறைக்க ஏதோ ஏற்பாடு செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒளிவு மறைவில்லாமல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருப்பதால் இதையும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை அடுக்களையில் நின்று காப்பி கலந்துகொண்டிருந்தாள். திடீரென்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாலு, இங்கே வா." அவள் என்னை வாலு என்றுதான் கூப்பிடுவாள். "சர்க்கரை டப்பாவையும் உப்பு டப்பாவையும் நான் மாத்தி வச்சுட்டேன்னு வை. என்ன ஆகும்?"

"காப்பி கரிக்கும்."

"அது மட்டுமா?"

"சோறு இனிக்கும்."

"அதான்! ரெண்டு பக்கமும் தப்பு வரணும், இல்ல?" அவள் கண் பளபளத்தது. "விழுந்த குழாய் ரெண்டு. ஒண்ணு ரெண்டு மாசக் குட்டி, நாப்பத்தொண்ணு. இன்னொண்ணு மூணு மாசக் குட்டி, பத்தொம்பது. நான் லேபிளை மாத்தி ஒட்டியிருந்தா நாப்பத்தொண்ணு மூணு மாசமாத் தெரியும். சரி. அப்ப பத்தொம்பது ரெண்டு மாசமாத் தெரியணுமே? தெரியலை. அது மூணு மாசக் கூட்டத்துலதான் நிக்குது. அப்புறம் இந்த நாப்பத்திரெண்டு. அது விழவே இல்லை. அது ஏன் போய் அங்கே உக்காரணும்?"

"அப்படின்னா?"

"காப்பி மட்டும் கரிக்குது. சோறு சரியா இருக்கு. டப்பா மாறலை. கடையிலேருந்து வந்த சரக்கே தப்பு."

எனக்கு அது புரிந்தது, ஆனால் நம்பிக்கை வரவில்லை. தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறவர்கள் இப்படி அழகாகத்தான் பேசுவார்கள் என்று தோன்றியது.

வியாழக்கிழமை அவள் வழக்கம் போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் போன பிறகு பார்த்தால் அடையாள அட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் ஆராய்ச்சி நிலையத்து வாசலைத் தாண்ட முடியாது. அத்தை மறக்கிற ஆள் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். அவள் நின்றது ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும் நிறுத்தத்தில் இல்லை, எதிர்ப்பக்கம். பஸ் வந்ததும் நான் கூட்டத்தோடு பின்வாசல் வழியாக ஏறி, அவள் தலை மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். முக்கால் மணி நேரம். கட்டிடங்கள் குறைந்து, கம்பி வேலி போட்ட புல்வெளி வந்தது. அத்தை இறங்கினாள். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப ஓடிவந்தேன்.

ஆட்டுப் பண்ணை. தகரக் கொட்டகை நாலு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன அலுவலக அறை. நான் கொட்டகைச் சுவரோடு ஒட்டி நின்று அந்த அறையை எட்டிப் பார்க்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாரும்மா நீ? ஆடு திருட வந்தியா, ஆட்டுக்காரனைத் திருட வந்தியா?"

ஆட்டை எல்லாம் பார்த்துக்கொள்பவர். மந்தை அண்ணன் என்று அத்தை வீட்டில் அடிக்கடி சொல்லும் ஆள் இவர்தான். கையில் பால் புட்டி. நான் திருதிருவென்று முழித்தேன். சத்தம் கேட்டு அத்தை அறையிலிருந்து வெளியே வந்தாள். என்னைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"பஸ்லயே பார்த்தேன். பின் சீட்டுல குனிஞ்சு உக்கார்ந்தா மட்டும் தெரியாதா? வந்தது வந்துட்டே, வாயை மூடிக்கிட்டு நில்லு."

மந்தை அண்ணனுக்கு இப்போது எங்கள் இரண்டு பேர் மேலும் சந்தேகம்.

"ஃபோன்ல சும்மா பார்க்க வர்றேன்னீங்க. இப்ப ஆளோட வந்திருக்கீங்க. மேலேருந்து சோதனையா? நேரா சொல்லிடுங்கம்மா."

"சோதனை எல்லாம் இல்லண்ணா. பதிவேட்டை ஒரு தடவை பார்க்கணும். இத்தனை வருஷமா நீங்க துண்டுச் சீட்டுல எண்ணும் தேதியும் எழுதித் தருவீங்க, நான் வாங்கிட்டுப் போவேன். பதிவேட்டை நான் பார்த்ததே இல்லை."

"அதுல என்ன இருக்கு பார்க்க?"

"அதான் பார்க்கணும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்தார். அத்தை விரலை வைத்து வரிவரியாகக் கீழே இறங்கினாள். பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இந்தப் பக்கத்துல இருபத்திமூணு குட்டி. எல்லாம் ஒரே தேதியில பிறந்திருக்கு. அடுத்த பக்கத்துல பத்தொம்பது குட்டி, அதுவும் ஒரே தேதி. உங்க ஆடுங்க எல்லாம் பேசி வச்சுக்கிட்டு மாசத்துக்கு ஒரு நாள் குட்டி போடுமா?"

அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

"என்னம்மா நீங்க! அது காதுவில்லை போட்ட தேதி. மாசத்துல ஒரு நாள் எல்லாக் குட்டியையும் பிடிச்சு வில்லை குத்துவோம். அன்னைக்குத்தான் அது கணக்குக்கு வருது. அதுக்கு முன்னாடி எழுதி வச்சு, ரெண்டு நாள்ல செத்துப்போச்சுன்னா யார் பதில் சொல்றது? காதுல நம்பர் இருந்தாத்தான் குட்டி. இல்லன்னா அது சும்மா ஆட்டோட நிழல்."

"ஆனா கட்டத்துல பிறந்த தேதின்னு போட்டிருக்கே."

"அச்சடிச்சவன் அப்படிப் போட்டான். நான் என்ன பண்ண?"

ஜன்னலுக்கு வெளியே கொட்டகையில் வில்லை இல்லாத குட்டிகள் சில நின்றன. ஒன்றின் வயிற்றில் தொப்புள்கொடி ஈரமாகத் தொங்கியது. கால் தள்ளாடியது. அதை ஒட்டியே இன்னொன்று தீவனத் தொட்டி மேல் ஏறி ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது. அடுத்த வில்லை நாளில் இரண்டுக்கும் ஒரே பிறந்த நாள் வரப்போகிறது.

"நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு. ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? இரட்டை. தாய் செத்துப்போச்சு. இந்தப் புட்டியிலதான் வளர்த்தேன். அதுங்க பிறந்தது வில்லை நாளுக்கு மறுநாள். அடுத்த வில்லை நாள் வரைக்கும், கிட்டத்தட்ட ஒரு மாசம், நம்பர் இல்லாமலே என் பின்னாடி சுத்திச்சுங்க." அறைக்கு வெளியே வந்து வேலிப் பக்கம் குரல் கொடுத்தார். இரண்டு பெரிய ஆடுகள் ஓடி வந்து அவர் முழங்காலில் முகத்தைத் தேய்த்தன. காதில் மஞ்சள் வில்லை. 41. 42.

அத்தை குனிந்து இரண்டு வில்லையையும் புரட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "ரெண்டு மாசம்னு நான் எழுதினப்போ இதுங்களுக்கு மூணு மாசம்."

"என் மேல எழுதிடாதீங்கம்மா" என்றார் மந்தை அண்ணன். சிரிப்பு போய்விட்டிருந்தது. "நான் யாரையும் ஏமாத்தலை."

"நீங்க ஏமாத்தலை. பதினேழு வருஷமா நாங்க ஒருத்தரும் கேக்கலை. அப்படித்தான் எழுதுவேன்."

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கினாள். பிறகு கேட்டாள்.

"தெரியலன்னு சொன்னது நீதானே?"

"ஆமா அத்தை."

"ஏன்?"

"அந்தக் குழாய் விழுந்தது... நீ யார்கிட்டயும் சொல்லாதேன்னே. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலை. அப்புறம், நீதான் மாத்தியிருப்பேன்னு நினைச்சேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையைப் புரட்டி விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள்.

"நானே ரெண்டு நாள் அப்படித்தான் நினைச்சேன். லேபிளை ஒட்டினப்போ கை மரத்துப்போயிருந்தது. சரியாத்தான் ஒட்டினேன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், ஆனா எழுதினதும் நான்தானே? எழுதினவளை எப்படி நம்பறது? உன்னைச் சொல்லி என்ன." கையை மூடிக்கொண்டு, "இருந்தாலும் நீ 'இல்லை'ன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் அவள் பதிவேட்டின் நகலோடு மேடத்தைப் பார்க்கப் போனாள். நான் அங்கே இல்லை. நடந்ததை அத்தையும் பிற்பாடு புள்ளித் தம்பியும் சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

மேடம் நகலைப் பார்த்துவிட்டு, "பண்ணைக்காரர் உங்களுக்காக எது வேணும்னாலும் சொல்லலாமே. பதினேழு வருஷப் பழக்கம்" என்றாராம். அத்தை இதை எதிர்பார்த்திருந்தாள். அவளே மேடத்தின் இடத்தில் இருந்தால் அதையேதான் கேட்டிருப்பாள்.

"என் வார்த்தையும் வேணாம், அவர் வார்த்தையும் வேணாம் மேடம். ஒவ்வொரு விரையிலயும் ஒரு துண்டை நைட்ரஜன்ல போட்டேன், இன்னொரு துண்டை மருந்துல ஊறவச்சு மெழுகுல பதிக்கற கட்டிக்காகத் தனியா எடுத்தேன். அது கேன் பக்கமே போகலை. அதோட பெட்டியில பண்ணையிலயே, டாக்டர் முன்னாடி, பென்சிலால எண் எழுதினது. பேனா மை மருந்துல கரைஞ்சுடும், பென்சில் கரையாது. நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு, பத்தொம்பது. மூணையும் சீவி மைக்ரோஸ்கோப்ல பாருங்க. ஆனா நான் தொட மாட்டேன். வேற யாராவது சீவட்டும். எந்தக் கட்டி எதுன்னு அவங்களுக்கும் சொல்ல வேணாம்."

மேடம் பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஒருவரை வரவழைத்தார். அத்தை வெளியே நடைபாதையில் இரண்டரை மணி நேரம் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் குற்றவாளி மாதிரி இருக்கும் என்று தோன்றியதாம்.

இரண்டு மாதக் குட்டியின் விரைக்குள் இருக்கும் நுண்ணிய குழல்களில் அநேகமாக ஓரத்துச் செல்கள்தான் இருக்கும். மூன்று மாதத்தில் விந்துக்கு முந்தைய கட்டத்துச் செல்கள் வரிசையாக நிற்கத் தொடங்கும். நாற்பத்தொன்றிலும் நாற்பத்திரண்டிலும் அவை நின்றன. பத்தொன்பதிலும் நின்றன. பார்த்தவருக்கு மூன்றும் ஒரே வயது என்றே தோன்றியது. ஆக, குழாய் மாறவில்லை. குட்டிகள்தான் வயதில் பெரியவை.

புள்ளித் தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த இரண்டு குட்டி மட்டுமல்ல, பதினாறு குட்டிகளின் வயதும் இப்போது சந்தேகம். மூன்று மாதக் கூட்டம் கொஞ்சம் சிதறியிருந்ததை அவர் கவனித்திருந்தாராம், ஆனால் யாரும் கேட்காததால் விட்டுவிட்டாராம். ஒன்றரை வருட வேலை.

மேடம் வெளியே வந்து சாவியை அத்தையிடம் நீட்டினார். "குழாய் விழுந்த அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன்" என்றார்.

"சொல்லியிருக்கணும் மேடம். தப்புதான்" என்றாள் அத்தை. "நீங்களும் என் வீட்டுக்கு ஆள் அனுப்பறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்."

ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். வேலையை முதலிலிருந்து தொடங்கினார்கள். இப்போது சினை ஆடுகளைத் தனிக் கொட்டகையில் கட்டியிருக்கிறார்கள். குட்டி விழுந்த அன்றே மந்தை அண்ணன் அதன் முதுகில் சாயத்தால் எண் போட்டுப் படம் எடுத்து அத்தைக்கு அனுப்புகிறார். அத்தை அந்தப் படத்தையும் நம்புவதில்லை. பஸ் ஏறிப் போய்த் தொப்புள்கொடியைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் போன மாதம் அத்தைக்குச் சாப்பாடு கொடுக்க ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். வாசலில் காவலாளி, "யாரைப் பார்க்கணும்?" என்றார். "ஐஸ் அக்காவை" என்றேன். "ஓ, அந்தக் குழாயை மாத்தி வச்சாங்களே, அவங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவருக்கு அப்படித்தான் தெரியும். குழாய் மாறிய கதை ஒரே வாரத்தில் மூன்று மாடியும் ஏறி, வாசல் வரை இறங்கியிருந்தது. மாறவில்லை என்ற கதை மேடத்தின் அறையைத் தாண்டவே இல்லை. அதில் சுவாரசியம் குறைவு போலிருக்கிறது.

நான் அந்தக் காவலாளியிடம் அங்கேயே நின்று முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்படியா சங்கதி!" என்றார். அவர் இன்னொருவரிடம் சொன்னாரா என்று தெரியாது. என்னால் ஒவ்வொரு வாசலாக நின்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் இதை எழுதினேன். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஆட்டு விரைக் குழாயை மாற்றி வைத்த ஒரு அம்மாவைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருந்தால், தயவுசெய்து இதையும் அவர்களிடம் சொல்லுங்கள். அவள் மாற்றவில்லை. கேட்டவர்கள் இன்னொருவரிடம் சொல்லட்டும்.